அப்பா விசிறிய அடுப்பு

1

திருவனந்தபுரம் வலியசாலையில் இருக்கும் உங்களில் பலர் அந்த வீடியோவை எனக்கு முன்பே பார்த்திருப்பீர்கள். எனக்கு அது பெர்த் நகரில், வேலை முடிந்து வீடு திரும்பும் ரயிலில் வந்து சேர்ந்தது. நம் தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஆற்றுக்கால் பொங்காலை நாள். தம்பானூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் செங்கல் அடுப்புகள், மண்பானைகள், புகை. டி.வி.க்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டிக்கொண்டே போகிறாள். ஒரு லாட்ஜின் சுவரோரத்தில், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர் குந்தியிருக்கிறார். கையில் கமுகம்பாளையில் வெட்டிய விசிறி. அடுப்பை விசிறிக்கொண்டிருக்கிறார்.

"இது பெண்களுடைய பொங்காலையல்லே? அப்பூப்பனுக்கு இங்கே என்ன ஜோலி?" என்று அவள் மலையாளத்தில் கேட்கிறாள்.

கிழவர் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். "புகை இவங்களுக்கு ஆகாது. அதான்" என்கிறார்.

அந்த 'இவங்க' பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கசவுப் புடவை, நரைத்த கூந்தல், நெற்றியில் சந்தனம். மடியில் இலைகளை வைத்துக்கொண்டு தெரளி சுருட்டிக்கொண்டிருந்தாள். அரிசிமாவும் வெல்லமும் பழமும் பிசைந்து, வாசனையுள்ள இலையைக் கூம்பாக்கி அதில் அடைத்து ஆவியில் வேகவைக்கும் தெரளி.

கிழவர் என் அப்பா. அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது.

நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையங்கள் போய்விட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதே லாட்ஜ் சுவரோரத்தில்தான் என் அம்மா சாகும்வரை ஆண்டுதோறும் பொங்காலை இட்டாள். செங்கல்லும் பானையும் எரிக்கக் காய்ந்த தென்னங்கொதும்புக் கட்டும் ஆட்டோவில் ஏற்றி, அரிசியும் வெல்லமும் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போவாள். சிறுமியாக இருந்தபோது தேங்காயைச் சுமந்துகொண்டு நானும் போவேன். சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதிய அப்பா, அன்று கடை அடைப்பு என்பதால் வீட்டில் சாய்வுநாற்காலியில் கிடந்து பத்திரிகை படிப்பார். சாம்பல் படிந்த முகத்தோடு அம்மா மத்தியானம் வந்து ஏறும்போது, "பாயசம் எங்க?" என்பார். அவ்வளவுதான். அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்பி அடுப்பின் முன் உட்கார வைக்கும் சக்தி ஆற்றுக்கால் அம்மைக்கே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

2

அன்றே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"டி.வி.யில வந்தியளாமே."

"ஆமா மக்களே. சவத்த விடு, அந்தப் பிள்ள திடீர்னு மைக்க நீட்டிட்டா."

"பக்கத்தில யாரு?"

"லலிதா டீச்சர். மூலை வீட்டுக்கு வந்தாங்கல்லா, இந்தி டீச்சர், ரிட்டயர் ஆனவங்க. உனக்குத் தெரியாது. அபிக்குத் தெரியும்" என்றார்.

அபி என் மகள். அபிராமி. இருபது வயது. பிசியோதெரபி படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தவளைக் கேட்டேன். அவள் சாதாரணமாகத் தலையை ஆட்டினாள்.

"டீச்சர் ஆன்ட்டியா? தாத்தா வீடியோ கால்ல எப்பவும் இருப்பாங்களே. அம்மா, நீ ஏன் கோபமா இருக்கு?"

'இருக்கு' இல்லை, 'இருக்கே' என்று திருத்துவதை நான் விட்டுப் பல வருடங்களாகின்றன. அன்று எனக்கு இலக்கணப் பிழை பெரிதாகத் தெரியவில்லை. என் அப்பாவின் வீட்டில் யார் வந்து போகிறார்கள் என்பது பெர்த்தில் பிறந்த இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் கூப்பிடுவேன். மாத்திரை சாப்பிட்டீர்களா, கரண்ட் பில் கட்டினீர்களா, மழை உண்டா. அவர் பதில் சொல்லுவார். நல்லபடியாகப் பேசிவிட்டோம் என்று போனை வைப்பேன். அபி எந்த நாளும் குறித்து வைத்துக்கொள்ளாமல், பல் தேய்த்துக்கொண்டே தாத்தாவைக் கூப்பிடுவாளாம். எதைக் கேட்கவும் கூப்பிடாதவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள்.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. ஒரு வருஷம்?" என்றாள். "அவங்க எனக்கு மலையாளம் சொல்லித் தர்றாங்க."

பன்னிரண்டு வருடங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரோட்டிக்கொண்டு போய், வெளியே காத்திருந்து, வீட்டுப்பாடத்துக்குச் சண்டை போட்டு நான் சேர்த்த தமிழ் 'நீ கோபமா இருக்கு' வரைக்கும்தான் வந்திருந்தது. அந்தப் பெண்மணி ஒரு வருடத்தில், கட்டணமில்லாமல், கைப்பேசி வழியாக அவளுக்கு மலையாளம் ஏற்றிவிட்டாள். கொஞ்ச நாளாகவே நான் எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பதற்குப் பதிலாக 'ஆணோ?' என்று அபி கேட்டுக்கொண்டிருந்தது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

3

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் எண்பதைத் தாண்டிய இருவர், ஒருவருக்கு மனைவி இல்லை, மற்றவருக்குக் கணவர் இல்லை, தோட்டத்தில் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் அவர்கள் செல்லம். ஒருநாள் நானே அந்த அம்மாளின் சக்கர நாற்காலியை அவர் பக்கத்தில் தள்ளிக்கொண்டுபோய் விட்டேன். அவர் எனக்குத் தொப்பியைத் தூக்கி நன்றி சொன்னார். 'எவ்வளவு அழகு' என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அடுத்தவருடைய அப்பா என்றால் அழகுதான்.

அந்த வருடம் முழுக்க நான் தெரளியோடு மல்லுக்கட்டினேன். நாடு விட்டு நாடு வந்தவர்களுக்குத்தான் இந்த வெறி புரியும். ஊரில் இருந்தபோது கூப்பிட்டுக் கொடுத்தால்கூட ஒன்று தின்றுவிட்டு ஓடியவள் நான். இங்கே தெரளி இலை கிடையாது. ஊரிலிருந்து யாராவது கொண்டுவரலாமென்றால், விமான நிலையத்தில் செடி, இலை, விதை என்றாலே தனி வரிசை, தனிக் கேள்வி. பிரியாணி இலையில் சுருட்டிப் பார்த்தேன், உடைந்தது. ஆசியக் கடையில் உறையவைத்த வாழையிலை வாங்கிச் சுற்றினேன். கொழுக்கட்டையாக வந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் தெரளி இல்லை. ஆவிப் புகைக்குச் சமையலறைக் கூரையிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியதும், என் கணவர் நாற்காலியில் ஏறி அதைத் துணியால் விசிறினார். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் வீடியோ ஞாபகம் வந்துவிட்டது.

அபி ஒன்றைக் கடித்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர் ஆன்ட்டி இதுல கொஞ்சம் ஜீரகம் போடுவாங்களாம்."

"உங்க ஆச்சி போட மாட்டாங்க" என்றேன்.

"ஆணோ?"

அம்மாவுக்காகத்தான் எனக்கு இந்தக் கோபம் என்று அப்போது நம்பினேன். செத்துப்போனவள் சார்பில் வழக்காட யாராவது வேண்டாமா? ஆனால் இரவில் கண்ணை மூடினால் அம்மாவின் முகம் வரவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பை அவர் எனக்குக் காட்டியதே இல்லை. பெர்த்துக்கு வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன். முட்டு வலி, விமானம் ஆகாது, குளிர் ஆகாது. அதே முட்டோடு குத்தவைத்து ஒருத்தியின் அடுப்புக்கு விசிற மட்டும் முடிகிறது.

அடுத்த பொங்காலைக்கு நான் போனேன். லீவுக் காரணம் கேட்ட இடத்தில் 'மத விழா' என்று எழுதினேன்.

4

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் தேடியது அம்மாவின் வெண்கல உருளியை. பரணில் இல்லை.

"உருளி எங்கப்பா?"

"டீச்சர் வீட்ல இருக்கு. மண்டைப்புற்றுப் பலகாரத்துக்கு மாவு வறுக்கணும்னு கேட்டாங்க."

சாயங்காலம் உருளியோடு டீச்சரே வந்தார். வீடியோவில் பார்த்ததைவிட உயரம். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார்.

"கோமதி மோளே, யாத்திரை எல்லாம் சுகமாயிருந்தோ? அபியைக் கூட்டிட்டு வரலையா? நான் அவளுக்கு உண்ணியப்பம் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். சுத்தமான தமிழ் பேச முயன்று, நடுநடுவே திருவனந்தபுரத்து மலையாளத்தில் இறங்கிவிடும் பேச்சு. நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். வாயில் 'டீச்சர், நீங்க'. மனதுக்குள் 'அவள், இவள்'. நம் மொழியில் இந்த வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரை இப்படி ரகசியமாக மரியாதைக்குறைவாக நினைக்கவே வழியில்லை.

"நாளைக்கு நானும் தனியா அடுப்பு வைக்கிறேன்" என்றேன்.

"அதுக்கென்ன மோளே, ரெண்டு அடுப்பும் பக்கத்தில பக்கத்தில வச்சுக்கலாம். இடம் பிடிச்சாச்சு. சார் ரெண்டு நாள் முன்னாடியே போய்ச் செங்கல் வச்சிட்டு வந்தார்."

சார் போய்ச் செங்கல் வைத்துவிட்டு வந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

காலையில் தம்பானூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ரயிலிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இடதுபுறம் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தாயும் மகளும். அவர்களும் தமிழ்தான். வலதுபுறம் லலிதா டீச்சர். அப்பா எனக்கும் அவருக்கும் நடுவில், கையில் பாளை விசிறியோடு.

கோயிலில் அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும், தெரு முழுக்கப் பெண்களின் குரவையொலி எழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றவைத்தார்கள். டீச்சருடையது ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. என்னுடையது புகைந்தது. கற்பூரம் வைத்தேன். எண்ணெய் விட்டேன். கண்ணில் நீர் கொட்டியது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் என் அடுப்பையும் பார்த்தார், அந்த அடுப்பையும் பார்த்தார். அந்தச் சமயம் டீச்சர் இருமினார். அப்பா அந்தப் பக்கம் திரும்பி விசிற ஆரம்பித்தார்.

ஐம்பது வயதில், பெற்ற மகள் கல்லூரியில் படிக்கும்போது, நடுத்தெருவில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. புகை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"சார், எனக்குப் பத்தியாச்சு. மோளுடெ அடுப்புக்குப் போங்கோ" என்று டீச்சர் சொன்னது கேட்டது.

அப்பா எழுந்து வந்தார். என் முன்னால் குந்தினார். "கல்ல காத்துக்கு எதிரா வச்சிருக்க மக்களே" என்று ஒரு செங்கல்லை நகர்த்திவிட்டு விசிறினார். தீ பிடித்தது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அனுப்பியல்லவா வந்தார்! என் அப்பாவை எனக்கே இரவல் கொடுப்பதற்கு இவள் யார்?

ஒன்று மட்டும் நடந்தது. என் பானைதான் முதலில் பொங்கியது. போனக்காட்டுக்காரப் பெண் குரவையிட்டாள். நான் டீச்சரின் பானையைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் விளிம்புக்குக் கீழேதான் இருந்தது. பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரியை முந்திய பெண்ணைப் போல எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். டீச்சர் கையைத் தட்டி, "கண்டோ சார், மோளுடேது முதல்ல பொங்கிருச்சு!" என்று என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டு, அதையும் கெடுத்துவிட்டார்.

5

பானை இறங்கியதும் டீச்சர் மண்டைப்புற்று செய்யத் தொடங்கினார். தலைநோய் தீர ஆற்றுக்கால் அம்மைக்கு நேர்ந்து வைக்கும் பலகாரம் அது. வறுத்த சிறுபயற்றுமாவில் வெல்லப்பாகும் நெய்யும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, தலை மாதிரி உருட்டி, ஆவியில் வைப்பார்கள். அவர் இரண்டு தலைகள் உருட்டினார்.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணு சாருக்கு. கர்க்கடக மாசத்தில குளிக்கப் போய், தலை சுத்தி குளிமுறியில விழுந்தாரில்லே, அதுக்கப்புறம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டார்.

"விழுந்தியளா? எப்பம்?"

"ஒண்ணுமில்ல மக்களே. பிரஷர் கொறஞ்சிட்டு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில வச்சுப் பாத்துட்டு விட்டுட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ டிக்கெட் போட்டு ஓடி வருவ. நீ வந்து எறங்கும்போ நான் வீட்ல சாய்வுநாற்காலில இருப்பேன்."

அது உண்மை. கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. நாம் போய்ச் சேரும்போது காரியம் முடிந்திருக்கும், நல்லதானாலும் கெட்டதானாலும். அம்மாவுக்கும் அப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, மழை உண்டு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டாவது யாருக்கு?" என்று கேட்டேன்.

டீச்சர் அதன் மேல் நெய் தடவினார். "அது மோளுக்கு. மோளுக்குத் தலைவேதனை உண்டுன்னு சார் சொல்லியிருக்கார். வெளிச்சம் பார்த்தால் ஆகாது, இருட்டில படுத்துக்குவாள்னு. மூணு கொல்லமா, வருஷம் தவறாம, நான் வைக்கிறேன். இப்போ கொஞ்சம் தேவலையா?"

தேவலைதான். ஒற்றைத் தலைவலி கொஞ்ச காலமாகக் குறைந்திருந்தது. புது மாத்திரை என்று நான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முன்பின் பார்த்திராத ஒருத்தி, என் பெயரைச் சொல்லி, என் தலையை மாவில் பிடித்து, நெய்யில் மினுக்கி, மூன்று வருடமாக அம்மைக்கு வைத்திருக்கிறாள். இதைக் கேட்டால் மனது இளக வேண்டும், கண் நிறைய வேண்டும். கதைகளில் அப்படித்தான் வரும். எனக்கு வந்தது வேறு. அப்பாவை எடுத்துக்கொண்டாள், அபியை எடுத்துக்கொண்டாள், அம்மாவின் இடத்தை எடுத்துக்கொண்டாள், கடைசியில் என் தலையைக்கூட விட்டுவைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

மத்தியானம் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போனார். டீச்சர் ஒரு தெரளியைப் பிரித்து என் கையில் வைத்தார். ஜீரகம் போட்டிருந்தார். இலையின் வாசனை மாவுக்குள் முழுக்க ஏறியிருந்தது. அம்மாவின் தெரளியைவிட அது நன்றாக இருந்தது. வீட்டில் இதை நான் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

சாயங்காலம், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அப்பா பேசினார்.

"மக்களே, நாங்க கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணப் போறோம். நோட்டீஸ் ஒட்டியாச்சு."

ரெஜிஸ்டர் ஆபீஸ் பலகையில் இருவர் பெயரும் தொங்கிக்கொண்டிருக்கிறதாம். தெருவில் பாதிப் பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். இதிலும் நான்தான் கடைசி.

"இந்த வயசில எதுக்குப்பா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரில கவுண்டர்ல கேட்டான், நீங்க இவருக்கு யாருன்னு. அவ பாவம், அயல்வீடுன்னா. அப்போ சொந்தக்காரங்களக் கூப்பிடுங்கன்னுட்டான். அவன் மேல தப்பில்ல, அவனுக்கு அதான் சட்டம். அவ வாசல்லயே நின்னா. நான் உள்ள கெடக்கேன். ஒரு கதவு, கேட்டியா, ஒரு வார்த்தை இல்லாம திறக்க மாட்டேங்கு. அந்த வார்த்தைய நான் அவளுக்குக் குடுக்கணும்."

நான் ஒரு வருடமாகச் சேர்த்துவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அம்மைக்கு ஒரு நாளாவது விசிறியிருக்கியளாப்பா?"

அப்பா உடனே பதில் சொன்னார். "இல்ல."

பிறகு சொன்னார்: "அவ கேக்கவும் இல்ல, எனக்குத் தோணவும் இல்ல. அது நான் செஞ்ச அநியாயம்தான். அதுக்காக இவளுக்கும் விசிறாம இருக்கணுமா?"

நான் அம்மாவின் உருளியை எடுத்துப் பரணில் ஏற்றினேன்.

"சாட்சிக்கு மூணு பேர் வேணும்" என்றார். "ரெண்டு பேர் ஆச்சு. நீ அடுத்த வாரமே போயிருவ, நோட்டீசுக்கு முப்பது நாள் முடிய அதுக்குப் பெறகும் ஒரு வாரம் இருக்கு. அதனால மாடியில வாடகைக்கு இருக்கானே, கொல்லத்துக்காரப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனில... அவன் வாறேன்னு சொல்லியிருக்கான்."

6

மறுநாள் காலை நான் பெர்த்துக்குப் போன் செய்தேன்.

என் மேலாளர் நல்ல பெண். என் அப்பாவுக்குக் கல்யாணம், லீவை நீட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். லைன் சரியில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் நாக்கு திருவனந்தபுரத்து நாக்குதான். ஆங்கிலத்தில் கல்யாணம் ஆன 'மேரிட்'டுக்கும் மண்ணில் அடக்கம் ஆன 'பெரிட்'டுக்கும் ஏறக்குறைய முதல் எழுத்துதான் வித்தியாசம். "ஐயோ கோமதி, உன் இழப்புக்கு வருந்துகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்றாள்.

திருத்துவதற்கு முன் ஒரு நொடி எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நொடியில் அவள் சொன்னது எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. பிறகு எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவள் கத்தியே விட்டாள். "எவ்வளவு அழகு!" என்றாள். அனுதாப விடுப்பு ஆண்டு விடுப்பாயிற்று.

டிக்கெட்டை மாற்றிவிட்டு வந்து அப்பாவிடம், "கொல்லத்துக்காரன் வேண்டாம். சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்" என்றேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்களாம்: வெளிநாட்டில் இருந்தவள், மனசு விசாலம். நண்பர்களே, அதெல்லாம் ஒன்றுமில்லை. என் அப்பாவின் கல்யாணத்தில், வாடகைக்கு இருக்கும் ஒருவனுடைய பெயர் இருந்து என் பெயர் இல்லாமல் போவதா என்ற எரிச்சல்தான். முழுக்க முழுக்கப் பொறாமையில் போட்ட கையெழுத்து அது.

ரெஜிஸ்டர் ஆபீஸில் எங்கள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. எங்களுக்கு முன்னால் இரண்டு இளம் ஜோடிகள். அவர்கள் அப்பாவையும் டீச்சரையும் யாரோ மணப்பெண்ணின் பெற்றோர் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார்கள். அதிகாரி கேட்டதற்கெல்லாம் டீச்சர் பதில் சொன்னார். என் முறை வந்தபோது, "மணமகனுக்கு நீங்கள்?" என்று கேட்டார்கள்.

"மகள்" என்றேன். வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அபி வீடியோ காலில் இருந்தாள். மாலை மாற்றியபோது, பெர்த்தில் ஆளில்லாத அறையிலிருந்து குரவையிட்டாள். அதை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம். பிறகு, "அம்மா, நீ அழுறியா?" என்றாள். 'அழுறியா.' சரியான விகுதி. அதற்காகவாவது அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

வெளியே வந்ததும் தெருமுனைக் கடையில் போளியும் பால்பாயசமும் வாங்கினோம். கல்யாணம் என்றால் இந்த ஊரில் அது இல்லாமல் முடியாது. சாட்சிக்கு வந்த மற்ற இருவரும் பைக்கில் போய்விட்டார்கள். அப்பா ஒரு ஆட்டோவை நிறுத்தினார். கழுத்திலிருந்து எடுத்த மாலையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். டீச்சர் முதலில் ஏறி, காலை மெல்ல இழுத்து உள்ளே வைத்து, அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டிருந்தார். அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறப் போனார்.

நான் அவருக்கு முன்னால் ஏறி, நடுவில் உட்கார்ந்தேன்.

அப்பா எனக்கு இந்தப் பக்கம் ஒட்டி உட்கார்ந்தார். மாலையிலிருந்து பிச்சிப்பூ வாசனை வந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்தார்.

"ஆருடெ கல்யாணமா சாரே?"

"எங்களுக்குத்தான்" என்றார் அப்பா, என்னைத் தாண்டி அந்தப் பக்கத்தைக் காட்டி.

டிரைவர் ஹோவென்று சிரித்தார். டீச்சரும் சிரித்தார். சூடான போளிப் பொட்டலத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலியசாலை வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.